சந்தைக்குக் குடிபோகும் மியூசியமும் அது விட்டுவிட்டு வந்த கட்டடமும்

நகரத்தின் நட்டநடுவில் ஒரு மியூசியம் வேண்டும். அதுவும் கரியமில வாயுவை அதிகம் வெளியிடாத மியூசியமாக இருக்க வேண்டும். எப்படிக் கட்டுவது? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு குறிப்புகள் சேர்த்துவருகிறேன். படிக்கப் படிக்க ஒரு ஊர்தான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது: லண்டன். அங்கே லண்டன் மியூசியம் தன் பழைய கட்டடத்தைக் காலி செய்துவிட்டு ஸ்மித்ஃபீல்ட் சந்தைக் கட்டடங்களுக்குக் குடிபோகிறது. கட்டடக்கலைப் பத்திரிகைகள் இதைக் கொண்டாடுகின்றன. கொண்டாட வேண்டிய விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனா எனக்கு அதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. புகுந்த வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள், விட்டுவந்த வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் என்ன தெரியும்? அதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் கணக்கின் அடிப்படை

ஒரு கட்டடத்தின் கரிமக் கணக்கில் பெரிதாக இரண்டு பகுதிகள். ஒன்று, கட்டடம் இயங்கும்போது செலவாகும் மின்சாரம், எரிவாயு. இன்னொன்று, கட்டடம் எழும்பும்போதே வெளியாகிவிடும் வாயு: சிமெண்ட், எஃகு, கண்ணாடி, செங்கல் இவற்றைச் செய்வதற்கு, ஏற்றிவருவதற்கு, பிறகு ஒரு நாள் இடித்து அள்ளுவதற்கு ஆகும் செலவு. சிமெண்டில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. சூளைக்குச் சூரிய மின்சாரமே கொடுத்தாலும் பிரச்சினை தீராது. ஏன்னா சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயுவே வெளியேறுகிறது. சிமெண்ட் தொழிலின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவதுதான்.

இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் கட்டடக் கலைஞர்கள் முதல் பகுதியைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அன்றைக்கு அது நியாயம். பிரிட்டனில் மின்சாரம் பெருமளவு நிலக்கரியில் இருந்து வந்தது. விளக்கைப் போட்டாலே புகை. இன்றைக்கு நிலைமை வேறு. 2024 செப்டம்பர் 30 அன்று அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. மின்சாரம் சுத்தமாக ஆக ஆக, இயக்கச் செலவின் பங்கு சுருங்குகிறது. கட்டும்போது வெளியாகும் வாயுவின் பங்கு ஏறுகிறது. இரண்டாவதில் இன்னொரு குணமும் இருக்கிறது. அது வட்டியோடு மெதுவாகக் கட்டுகிற கடன் மாதிரி கிடையாது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவதற்கு முன்பே மொத்தமும் காற்றில் கலந்திருக்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால், நகர மையத்தில் மியூசியம் கட்டுகிறவர் எடுக்கும் பெரிய முடிவு கூரையில் சோலார் பலகை வைப்பதா வேண்டாமா என்பதைப் பற்றியது இல்லை என்று புரியும். எதை இடிக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது.

சந்தையின் கதை

ஸ்மித்ஃபீல்டில் மியூசியத்துக்குக் கிடைத்தது ஒரே கட்டடம் இல்லை. முக்கியமானவை இரண்டு. ஒன்று பொதுச் சந்தை. டவர் பிரிட்ஜை வடிவமைத்த ஹொரேஸ் ஜோன்ஸ்தான் இதற்கும் கட்டடக் கலைஞர், 1883-இல் முடிந்தது. உள்ளே நிற்கும் தூண்கள் பீனிக்ஸ் தூண்கள் எனப்படும் அமெரிக்கக் கண்டுபிடிப்பு: வளைந்த இரும்புத் துண்டுகளைச் சேர்த்துத் தறைந்து செய்த உள்ளீடற்ற தூண்கள். 1945 மார்ச்சில் ஒரு வி-2 ராக்கெட் சந்தையின் மூலையில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. போருக்குப் பிறகு குவிமாடத்தை கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள்.

இன்னொன்று கோழிச் சந்தை. அங்கிருந்த பழைய கட்டடம் 1958-இல் தீக்கு இரையானது. பாதாள அறைகளில் நாள்கணக்கில் நெருப்பு எரிந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 1963-இல் எழுந்த புதுக் கட்டடத்தின் கூரை ஒரு கான்கிரீட் ஓடு. சுமார் 68 மீட்டர் நீளம், 38 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தடிமன்? மூன்று அங்குலம். ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் செய்த வேலை. முட்டை ஓடு எப்படி வளைவினாலேயே பலம் பெறுகிறதோ அதே உத்தி. சிமெண்டை எப்படிச் சிக்கனமாகப் பயன்படுத்துவது என்று இன்றைக்கு மாநாடு போட்டுப் பேசுகிறோம். அறுபது வருஷத்துக்கு முன்னால், போர்க்காலப் பஞ்சத்தின் நினைவு போகாத ஒரு தலைமுறை அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறது.

இந்தக் கட்டடங்கள் பிழைத்தது லேசான விஷயமில்லை. பொதுச் சந்தை பல வருஷம் பூட்டிக் கிடந்தது. அதை இடித்துவிட்டு அலுவலகம் கட்டும் திட்டம் 2008-இல் அரசால் நிராகரிக்கப்பட்டது. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே குடைந்து அலுவலகம் நுழைக்கும் இன்னொரு திட்டம் 2014-இல் நிராகரிக்கப்பட்டது. இரண்டு தடவையும் போராடியவர்கள் மரபுக் கட்டடங்களைக் காக்கும் அமைப்பினர். அவர்கள் பேசியது வரலாறு, அழகு, தெருவின் குணம் இவற்றைப் பற்றி. கரிமக் கணக்கு அந்த வழக்குகளில் பெரிய வாதமாக இல்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்: சந்தை பிழைத்தது அது அழகாக, பழையதாக இருந்ததால். உமிழ்வைக் கணக்குப் பார்த்து யாரும் காப்பாற்றவில்லை.

2016-இல் ஸ்டாண்டன் வில்லியம்ஸ், ஆசிப் கான் ஆகியோரின் கூட்டு வடிவமைப்பு போட்டியில் தேர்வானது. பொதுச் சந்தையை 2026-இல் திறப்பதாகவும், கோழிச் சந்தையைப் பிறகு திறப்பதாகவும் அறிவித்திருக்கிறார்கள். இடத் தேர்விலும் குறை சொல்ல முடியாது. பக்கத்திலேயே ஃபாரிங்டன் நிலையம்: தேம்ஸ்லிங்க் ரயில், சுரங்க ரயில், 2022 மே மாதத்திலிருந்து எலிசபெத் லைனும் அங்கே நிற்கிறது. மியூசியத்தின் கரிமக் கணக்கில் பார்வையாளர்கள் எப்படி வந்து சேர்கிறார்கள் என்பது பெரிய தொகை. ஊருக்கு வெளியே மலிவான நிலத்தில், மரத்தால் ஒரு மியூசியம் கட்டி, பெரிய கார் நிறுத்துமிடம் போட்டால் கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும், ரோட்டில் இருக்காது.

ஈரப்பதம் என்கிற பூதம்

பழைய சந்தையை மியூசியமாக்குவதில் உள்ள உண்மையான கஷ்டம் ஈரப்பதம். நம் வீடுகளில் மழைக்காலத்தில் மரக்கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது; கோடையில் அதே கதவு சுருங்கி இடுக்கு விழும். மரப்பலகையில் வரைந்த ஓவியத்துக்கும் இதே கதிதான். பலகை உப்பிச் சுருங்கும்போது மேலே இருக்கும் வண்ணம் கூடவே போகாது, உரிந்துவிடும்.

மியூசியங்கள் இதை எப்படிக் கற்றுக்கொண்டன என்பது சுவாரசியமான கதை. இரண்டாம் உலகப் போரில் லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களை வேல்ஸில் மானோட் என்ற ஸ்லேட் கல் சுரங்கத்துக்குள் ஒளித்துவைத்தது. சுரங்கத்துக்குள் வெப்பமும் ஈரப்பதமும் ஒரே சீராக இருந்தன. வண்ணம் உரிவது பெரிதும் நின்றுபோனது. போர் முடிந்து ஓவியங்கள் லண்டனுக்குத் திரும்பியதும் உரிதல் மறுபடி தொடங்கியது. ஆக, சீரான காற்று வேண்டும் என்ற பாடம் கிடைத்தது. பாடம் சரி. அதை எந்திரத்தால் நிறைவேற்றுவது என்று முடிவெடுத்தபோதுதான் செலவு ஆரம்பித்தது.

1978-இல் கேரி தாம்சன் எழுதிய 'தி மியூசியம் என்விரான்மென்ட்' இந்தத் துறையின் கையேடானது. அதில் இருந்த, ஈரப்பதம் 50 அல்லது 55 சதவீதம், ஏற்ற இறக்கம் 5 சதவீதத்துக்குள் என்ற அளவு உலகம் முழுக்க வேதவாக்காகிவிட்டது. வேடிக்கை என்னன்னா, அந்தக் குறுகிய எல்லை பொருள்களுக்கு ஏற்படும் சேதத்தை அளந்து வந்த முடிவைவிட, அன்றைய எந்திரங்களால் எவ்வளவு முடியும் என்பதையே அதிகம் சார்ந்தது என்று தாம்சனே எழுதியிருக்கிறார். அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1990-களில் ஸ்மித்சோனியன் ஆய்வாளர்கள் பெரும்பாலான பொருள்கள் இதைவிட அகலமான எல்லையைத் தாங்கும் என்று காட்டினார்கள். பெரிய மியூசியங்களின் இயக்குநர்கள் சேர்ந்த பிஸோ குழு, பெரும்பாலான பொருள்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம், 16 முதல் 25 டிகிரி வெப்பம் போதும் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் இரவல் ஒப்பந்தங்களில் பழைய எண் இன்னும் உயிரோடு இருக்கிறது. பொருளைக் கடன் கொடுப்பவர் கேட்பார், காப்பீட்டுக்காரர் கேட்பார், கட்டடக் கலைஞர் வேறு வழியில்லாமல் எந்திர அறையைப் பெரிதாக்குவார். கட்டடம் வரைபடமாக மாறும் முன்பே அதன் மின்கட்டணத்தின் ஒரு பகுதி எங்கோ ஒரு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுவிடுகிறது.

புதிதாகக் கட்டினால் இதைக் கட்டட உடம்பாலேயே சமாளிக்க வழி உண்டு. ஆஸ்திரியாவில் ப்ரெகென்ஸ் நகர மையத்தில் பீட்டர் ட்சும்டோர் 1997-இல் முடித்த கலைக்கூடத்தில் கான்கிரீட் சுவர்களுக்குள்ளும் தளங்களுக்குள்ளும் குழாய்கள் ஓடுகின்றன. நிலத்தடி நீரின் குளிர்ச்சி அவற்றின் வழியாகக் கட்டடத்துக்குள் வருகிறது. கனமான சுவர் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எந்திரத்தின் வேலை குறைகிறது. அற்புதமான கட்டடம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நிதானத்துக்கு அது கொடுத்த விலை அவ்வளவு கான்கிரீட். ஒரு பத்தியில் மிச்சம் பிடித்தது இன்னொரு பத்தியில் செலவாகிறது.

ஸ்மித்ஃபீல்டில் எடுத்த வழி எனக்கு இதைவிடப் பிடிக்கிறது. எல்லா இடத்தையும் ஒரே மாதிரி பதப்படுத்த வேண்டியதில்லை என்று பிரித்துவிட்டார்கள். குவிமாடத்துக்குக் கீழே உள்ள தரைத்தளக் கூடம் இன்றைய லண்டனைப் பேசும் இடம். மக்கள் கூடுகிற, காற்றும் வெளிச்சமும் வந்துபோகிற இடம். ஊரின் பழங்கால வரலாற்றைச் சொல்லும் காட்சிக்கூடங்கள் பாதாளத்தில். பூமிக்கடியில் இருக்கும் அறை இயல்பாகவே வெயிலுக்கும் பனிக்கும் அதிகம் அசைந்துகொடுக்காது. மானோட் சுரங்கம் சொல்லிக்கொடுத்த பாடம் இது. தொல்லியல் சேகரிப்பின் பெரும்பகுதியோ ஹாக்னியில் உள்ள கிடங்கில் இருக்கிறது. விலை உயர்ந்த நகர மைய இடத்தில், கடுமையான காற்றுக் கட்டுப்பாட்டை எவ்வளவு சின்ன இடத்துக்குள் அடக்குகிறோம் என்பதுதான் இந்த வடிவமைப்பின் கெட்டிக்காரத்தனம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் பாராட்டு. சும்மா சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன்.

விட்டுவந்த வீடு

இப்ப மீதிப் பாதி. மியூசியம் இதுவரை இருந்த கட்டடம் லண்டன் வால் தெருவில், பார்பிகன் குடியிருப்பின் ஓரத்தில் இருக்கிறது. ஸ்மித்ஃபீல்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பவல் அண்ட் மோயா நிறுவனம் வடிவமைத்து 1976-இல் திறந்தது. அதனோடு சேர்ந்தே எழுந்தது பாஸ்டியன் ஹவுஸ் என்ற அலுவலகக் கோபுரம். மியூசியத்தின் வாசலைக் கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பார்கள். ரவுண்டானா நடுவில், தெருவுக்கு மேலே தூக்கிக் கட்டிய நடைபாதை வழியாகப் போக வேண்டும். இடமும் போதவில்லை. 2022 டிசம்பர் 4-ஆம் தேதியோடு மூடினார்கள். வெளியேற நல்ல காரணங்கள் இருந்தன.

அந்த நிலமும் சந்தையும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன: சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன். மியூசியத்துக்குப் பணம் தரும் முக்கியமான அமைப்பும் அதுதான். அந்தக் கார்ப்பரேஷன், பழைய மியூசியத்தையும் பாஸ்டியன் ஹவுஸையும் இடித்துவிட்டு அலுவலகக் கட்டடங்கள் கட்ட விண்ணப்பித்தது. 2024 ஏப்ரலில் அதன் சொந்தத் திட்டக் குழுவே அனுமதியும் கொடுத்தது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே வீட்டுக்காரர். பார்பிகன்வாசிகளும் மரபுக் காவலர்களும், வயது ஐம்பதைக்கூடத் தொடாத இரண்டு கான்கிரீட் கட்டடங்களை எதற்கு இடிக்க வேண்டும், மாற்றிப் பயன்படுத்தலாமே என்று எதிர்த்தார்கள்.

கார்ப்பரேஷன் தரப்புக்கும் வாதம் உண்டு. கோபுரத்தின் அமைப்பு இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்காது, ஒரு பகுதி போனால் மொத்தமும் சரியும் அபாயம் இருக்கிறது என்றார்கள். 1968-இல் ரோனன் பாயின்ட் அடுக்குமாடியின் ஒரு மூலை அப்படிச் சரிந்த பிறகு வந்த கவலை அது. லேசாகத் தள்ளிவிட முடியாது. புதுக் கட்டடம் குறைவான மின்சாரத்தில் ஓடும் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனா முன்னால் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். மின்சாரமே சுத்தமாகிக்கொண்டிருக்கும் நாட்டில், வருங்கால மின்சார மிச்சத்தின் மதிப்பு வருஷா வருஷம் குறைகிறது. இடிக்கும்போதும் கட்டும்போதும் வெளியாகும் வாயுவோ இன்றைக்கே, மொத்தமாக. இதே கார்ப்பரேஷன் 2020-இல் ஏற்றுக்கொண்ட காலநிலைத் திட்டம் தன் செயல்பாடுகளில் 2027-க்குள்ளும், தன் எல்லை முழுவதிலும் 2040-க்குள்ளும் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவதாகச் சொல்கிறது. இந்தக் கெடுவுக்குள் அந்த மிச்சம் இந்தச் செலவை ஈடுகட்டுமா என்பதுதான் கேள்வி.

இப்ப கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். லண்டனில் 2021-இல் வந்த நகரத் திட்டத்தின்படி, மேயரின் பார்வைக்குப் போகும் அளவுக்குப் பெரிய திட்டங்கள் முழு ஆயுள் கரிமக் கணக்கைக் காட்ட வேண்டும். நல்ல விதி, பல நகரங்களில் இது கிடையாது. ஆனால் அந்தக் கணக்கு மனை மனையாகப் போடப்படுகிறது. ஸ்மித்ஃபீல்ட் மனைக்கு ஒரு கணக்கு: பழைய சந்தையைக் காத்தோம். லண்டன் வால் மனைக்கு ஒரு கணக்கு: அது அலுவலகத் திட்டத்தின் பாடு. மியூசியம் இடம் மாறியது என்ற ஒரே நிகழ்ச்சி இரண்டு புத்தகங்களாகக் கிழிந்துவிடுகிறது. நல்ல புத்தகம் மியூசியத்தின் அலமாரிக்கும், கெட்ட புத்தகம் வேறொருவர் மேஜைக்கும் போகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. விதிப்படிதான் எல்லாம் நடக்கிறது. ஆனால் காற்றுக்கு மனை எல்லை தெரியாது.

மியூசியம் போகாமல் இருந்தாலும் அங்கே என்றாவது இடிப்பு நடந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் காலி செய்ததால்தான் அந்தத் திட்டமே சாத்தியமானது. ஒரு பொது நிறுவனம் அ-விலிருந்து ஆ-வுக்குப் போகும்போது, ஆ-வை வாங்குவதோடு அ-வைக் கைவிடும் முடிவையும் சேர்த்துத்தானே எடுக்கிறது? வீடு மாறுகிற எந்தக் குடும்பமும் பழைய வீட்டை என்ன செய்வது என்பதைத் தனி விஷயமாக வைத்துக்கொள்வதில்லை.

எந்தப் பழசு பழசு?

இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. இரும்புத் தூண், செங்கல், குவிமாடம் என்றால் மரபு; அதற்கு ஆள் வருவார்கள். 1970-களின் கான்கிரீட் என்றால் அசிங்கம். அதற்கு ஆள் குறைவு. கோழிச் சந்தையின் கான்கிரீட் ஓடு சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதற்குப் பதிமூன்று வருஷம் பின்னால் வந்த பழைய மியூசியம் இல்லை. வரலாற்று மதிப்பு என்று பார்த்தால் அந்த வித்தியாசம் நியாயமாகவே இருக்கலாம். கரிமக் கணக்குக்கு அந்த வித்தியாசமே தெரியாது. அழகான சிமெண்டும் அசிங்கமான சிமெண்டும் சூளையில் ஒரே அளவுதான் புகைத்திருக்கும். 'பழையதைக் காப்போம்' என்ற குரல் ரசனைக்கு உட்பட்டதையே காக்கும் என்றால், அதை வைத்து ஒரு காலநிலைக் கொள்கை நடத்த முடியாது. உலக நகரங்களின் மையங்களில் இனி இடிபடக் காத்திருப்பவற்றில் பெரும்பகுதி 1960-க்கும் 1990-க்கும் இடையில் எழுந்த, யாருக்கும் பிடிக்காத கான்கிரீட் பெட்டிகள்தான்.

அதனால் ஸ்மித்ஃபீல்டைக் குறைந்த கரிம மியூசியத்துக்கு முழு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம். வடிவமைப்பு முன்மாதிரிதான், கணக்குப் போட்ட விதம் இல்லை. நான் கேட்பது பெரிய விஷயமும் இல்லை. ஒரு மியூசியம் இடம் மாறினால், புது இடத்தின் கட்டுமான உமிழ்வு, ஓட்டுவதற்கு ஆகும் உமிழ்வு, பழைய இடத்தின் கதி என்று மூன்றையும் ஒரே தாளில் போடட்டும். அந்தத் தாளைத் திட்டக் குழுவின் கோப்புக்குள் புதைக்காமல் மியூசியத்தின் வாசலில் மாட்டட்டும். ஊரின் கதையைச் சொல்வதுதானே அதன் வேலை? தன் இடமாற்றமும் அந்தக் கதையில் ஒரு அத்தியாயம்.

பழைய மியூசியத்தின் உள்ளே ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் நகரத்தின் பழைய மதில் தெரியும். சுமார் கி.பி. 200-இல் ரோமானியர்கள் கட்டிய மதில். இடைக்காலத்தில் வந்தவர்கள் அதை இடித்துத் தள்ளாமல் அதன்மேலேயே ஏற்றிக் கட்டி, கொத்தளங்களும் சேர்த்தார்கள். பாஸ்டியன் என்றாலே கொத்தளம்தான். பக்கத்துக் கோபுரத்தின் பெயரே அங்கிருந்து வந்தது.

ஹாக்னி கிடங்கைப் பற்றி இங்கே ஒரு வரிதான் எழுத முடிந்தது. காட்சிக்கு வராத பொருள்களை எந்தக் காற்றில், எவ்வளவு செலவில் வைத்திருக்கிறார்கள் என்பது தனிக் கதை. அடுத்த குறிப்பு அதைப் பற்றி.